எழுதியவர் போன பின்னும் ஓடும் நிரல்

வலிப்பு நோயாளிகளின் மூளையில் எழும் மின்னலைகளை 2000களின் தொடக்கத்தில் சிகாகோவில் ஓர் ஆய்வுக்குழு அலசிக்கொண்டிருந்தது. அலைகளைத் திரையில் விரித்துக் காட்ட அவர்கள் ஒரு தனியார் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். மருத்துவ மாணவர்கள், பொறியாளர்கள், ஆய்வாளர்கள் என்று ஆய்வகத்தில் பலர் இருந்தார்கள். மென்பொருளுக்கு உரிமம் ஒன்றே ஒன்றுதான். டாங்கிள் என்னும் சிறு கருவியைக் கணினியில் செருகினால்தான் அது திறக்கும். அதை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கி, முறைவைத்து வேலை செய்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், இதற்கு மாற்றாக முதலில் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஒன்றை எழுதிப் பார்த்தார். ஓர் எல்லைக்கு மேல் அதுவும் ஈடுகொடுக்காமல் போகவே பைத்தான் மொழிக்கு மாறினார். அவருக்குத் தேவைப்பட்ட மாதிரியான வரைபடக் கருவி பைத்தானில் அப்போது இல்லை. தானே எழுதி, 2003இல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார். அதன் பெயர் மேட்பிளாட்லிப்.

இன்று அறிவியல் கட்டுரைகளில் நாம் பார்க்கும் கோட்டுப்படங்களில் ஏராளமானவை அதைக்கொண்டு வரையப்பட்டவை. 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது வந்த தரவுகளை வரைந்து பார்க்க அது பயன்பட்டது. 2019 ஏப்ரலில், எம்87 விண்மீன்திரளின் நடுவிலுள்ள கருந்துளையின் முதல் படம் வெளியானபோது, அந்தப் படத்துக்குப் பின்னாலிருந்த மென்பொருள்களிலும் அது இருந்தது. ஹன்டர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. 2012 ஆகஸ்ட் 28 அன்று, தமது 44ஆம் வயதில், புற்றுநோய்ச் சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கல்களால் அவர் இறந்துவிட்டார்.

மேட்பிளாட்லிப்பை எந்த நிறுவனமும் சொந்தம் கொண்டாட முடியாது. அதை விற்று யாரும் பணம் பார்ப்பதில்லை. தொடங்கி வைத்தவர் இல்லை. ஆனாலும் புதிய பதிப்புகள் வந்துகொண்டேயிருக்கின்றன, பழுதுகள் சரிசெய்யப்படுகின்றன, நேற்றுக் கற்கத் தொடங்கிய மாணவர் கேட்கும் கேள்விக்கு உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பதில் வருகிறது. இதை நடத்துவது யார், எந்த ஏற்பாட்டில் நடத்துகிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஓர் அடிப்படை. திறமூல மென்பொருள் என்றால், அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று அதன் உரிமமே அனுமதிக்கிறது. மேட்பிளாட்லிப், நம்பை, சைபை போன்ற அறிவியல் மென்பொருள்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. எண்களை அணிகளாகச் சேர்த்து வேகமாகக் கணக்கிடுவது நம்பை. அதன்மேல் தொகையீடு, சமன்பாடுகளைத் தீர்த்தல், புள்ளியியல் போன்றவற்றைக் கட்டியது சைபை. உரிமம் அனுமதியைத்தான் தருகிறது. எவர்மீதும் கடமையைச் சுமத்துவதில்லை. நாளை காலை ஒரு பிழை தெரியவந்தால் அதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று யாரையும் உரிமம் கட்டுப்படுத்தாது. அந்த இடத்தில்தான் சமூகம் வருகிறது.

தொடாமல் விட்டாலும் உடையும்

புதிதாக நிரல் எழுதக் கற்பவர்கள் பெரும்பாலும் இப்படி நினைப்பதைக் கவனித்திருக்கிறேன்: சரியாக வேலைசெய்யும் நிரலை ஒருமுறை எழுதிவிட்டால், அது என்றென்றும் வேலைசெய்யும். உண்மை நேர்மாறானது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் விட்டால், சில ஆண்டுகளில் அது ஓடாமல் நின்றுவிடக்கூடும். நிரல் அப்படியே இருக்க, அதைத் தாங்கி நிற்பவை எல்லாம் மாறிவிடுவதுதான் காரணம்.

பைத்தான் 2 பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதில் எழுதப்பட்டிருந்த அறிவியல் நிரல்தொகுப்புகள் அனைத்தும் அதற்கு முன்பே பைத்தான் 3க்கு மாறியாக வேண்டியிருந்தது. அதே 2020இன் இறுதியில் ஆப்பிள் தன் கணினிகளில் புதிய வகைச் சில்லுகளைப் பொருத்தத் தொடங்கியது. கணித நிரல்கள் அந்தச் சில்லுகளிலும் சரியான விடை தருகின்றனவா என்று யாராவது சோதிக்க வேண்டும். 2023இல் பைத்தான் 3.12 வந்தபோது, நம்பையின் மூலநிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டமைக்க இத்தனை காலம் உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதி பைத்தானிலிருந்தே நீக்கப்பட்டது. நம்பை குழு மெசான் என்ற வேறொரு கட்டமைப்புக் கருவிக்கு மாறியது. பயனருக்கு இதில் புதிய வசதி எதுவும் கிடைக்கவில்லை. மாறாமல் இருந்திருந்தால் மட்டும் பயனருக்குத் தெரிந்திருக்கும்: நம்பை நிறுவப்படாமல் அடம்பிடித்திருக்கும்.

சைபையின் கதை இன்னும் பழையது. அதற்குள் இருக்கும் கணித நிரல்கள் சில, 1980களை ஒட்டி ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் பெரிய கணித வல்லுநர்கள், நிரலும் உறுதியானது. ஆனால் ஃபோர்ட்ரானைத் தடையின்றிப் படித்துத் திருத்தக்கூடிய இளைஞர்கள் இன்று குறைவு. ஆகவே அந்தப் பகுதிகளை ஒவ்வொன்றாக வேறு மொழிக்கு மாற்றி எழுதும் வேலை நடந்துவருகிறது. விடையில் ஒரு தசம இடம்கூடப் பிசகாமல் மாற்றவேண்டும் என்பதை நினைத்தால் அந்த உழைப்பின் கனம் விளங்கும்.

ஏரி வெட்டிய மன்னனின் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஆண்டுதோறும் கூடித் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகைச் சீராக்கிய ஊராரின் பெயர் எங்கும் இருக்காது. குடிமராமத்து நின்றுபோன ஊரில் ஏரி என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததே. அறிவியல் மென்பொருளிலும் பராமரிப்பு என்பது அந்த வகை வேலைதான்.

ஒரு பிழையின் பயணம்

சமூகம் என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒரே ஒரு பிழையைப் பின்தொடர்ந்து போனால் நன்றாக விளங்கும். ஒரு மாணவி வரைந்த படத்தில், அச்சின் பெயர் விளிம்பில் வெட்டுப்பட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்ள மேட்பிளாட்லிப் பக்கத்தில் முறையிடுகிறார். அங்கே திறந்து கிடக்கும் முறையீடுகள் ஆயிரத்துக்கும் மேல். முதலில் ஒருவர் அதைப் படித்து, "எந்தப் பதிப்பு? எந்த இயங்குதளம்? பிழை தெரியும்படி பத்து வரியில் ஒரு நிரல் தரமுடியுமா?" என்று கேட்பார். பல முறையீடுகளுக்கு இந்தக் கேள்வியிலேயே விடை கிடைத்துவிடுவதுண்டு. இது வழுவே (நிரலில் உள்ள பிழையே) இல்லை, கையேட்டில் சரியாகச் சொல்லாமல் விட்ட குறை என்று தெரியவரும். அப்படியானால் கையேட்டைத் திருத்த வேண்டும்.

உண்மையான வழு என்றால், யாரோ ஒருவர் திருத்தம் எழுதி அனுப்புகிறார். அனுப்பிய உடனே தானியங்கிச் சோதனைகள் ஓடுகின்றன. மேட்பிளாட்லிப்பின் சோதனை முறை எனக்கு மிகவும் பிடித்தது. வரையும் மென்பொருள் அல்லவா? ஆகவே, திருத்தத்துக்குப் பிறகு வரைந்த படத்தை, முன்பே சேமித்து வைத்திருக்கும் சரியான படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு கோடு இம்மி நகர்ந்தாலும் சோதனை தோற்கும். எழுத்துருவை வரையும் ஃப்ரீடைப் என்ற நிரல்தொகுப்பின் பதிப்பு மாறினால்கூட எழுத்துகளின் ஓரங்கள் சற்றே மாறி, படங்கள் கொத்துக் கொத்தாகத் தவறிவிடும். அதைத் தவிர்க்கவே சோதனைக்கென்று ஒரு குறிப்பிட்ட பழைய பதிப்பைப் பல ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தார்கள்.

சோதனையில் தேறினாலும் போதாது. பராமரிப்பாளர்கள் இருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே திருத்தம் உள்ளே போகும். கையேட்டுத் திருத்தம் என்றால் ஒருவர் போதும். திருத்தத்தை எழுத ஒரு மணிநேரம் ஆகியிருக்கலாம். அதைப் படித்து, இது வேறெதையும் உடைக்காதா என்று யோசித்து, எழுதியவரின் மனம் நோகாமல் "இந்த இடத்தை இப்படி மாற்றலாமா" என்று எடுத்துச்சொல்ல அதைவிட அதிக நேரம் பிடிக்கும். திறமூல உலகில் உண்மையான பற்றாக்குறை இங்கேதான் இருக்கிறது. நிரல் எழுதி அனுப்ப ஆட்கள் கிடைக்கிறார்கள். பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்க ஆட்கள் கிடைப்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பி, குழந்தைகள் தூங்கிய பிறகு முன்பின் தெரியாதவர்களின் நிரலைப் படித்துக் கொண்டிருக்கும் பராமரிப்பாளர்கள் பலர் சில ஆண்டுகளில் சலித்துக் களைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எல்லோருக்கும் பொதுவானதை யார் தீர்மானிப்பது?

பிழையைத் திருத்துவதில் கருத்து வேறுபாடு அதிகம் வராது. எந்தத் திசையில் போவது என்பதில்தான் வரும். நம்பை பிறந்ததே அப்படி ஒரு பிளவை ஆற்றுவதற்காக. பைத்தானில் எண்ணணிகளுக்கு நியூமெரிக் என்ற தொகுப்பு 1990களின் நடுவிலிருந்தே இருந்தது. ஹபிள் தொலைநோக்கியின் பெரிய படங்களுக்கு அது போதாதென்று, அத்தொலைநோக்கியின் அறிவியல் பணிகளை நடத்தும் பால்டிமோர் ஸ்பேஸ் டெலஸ்கோப் அறிவியல் நிறுவனத்தார் நம்அரே என்று இன்னொன்றை எழுதினார்கள். பெரிய அணிகளுக்கு நம்அரே வேகம், சிறிய அணிகளுக்கு நியூமெரிக் வேகம். ஒன்றை நம்பி எழுதிய நிரல் மற்றதோடு ஒத்துப்போகவில்லை. சிறிய சமூகம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் ஆதரிக்க மேட்பிளாட்லிப்புக்குள்ளேயே ஓர் இடைநிலைப் பகுதியை ஹன்டர் வைத்திருக்க வேண்டியிருந்தது.

யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருந்த டிராவிஸ் ஆலிபன்ட் 2005இல் இரண்டையும் இணைக்கும் வேலையில் இறங்கினார். 2006இல் நம்பை 1.0 வெளியானது. செலவுக்கு வழியாக, தாமே எழுதிய நம்பை கையேட்டைச் சிறிது காலம் விலைக்கு விற்றார், பின்னர் இலவசமாக்கினார். பேராசிரியர் பதவியில் உயர ஆய்வுக் கட்டுரைகள்தான் கணக்கில் வரும், மென்பொருள் வராது என்ற நிலை அன்று இருந்தது; இன்றும் பல இடங்களில் அதுவே நிலை. 2007இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டுத் தனியார் நிறுவனமான என்தாட்டில் சேர்ந்தார்.

நம்பைக்குள்ளும் 2011, 2012 ஆண்டுகளில் ஒரு பெரிய சச்சரவு வந்தது. தரவில் விடுபட்ட மதிப்புகளை எப்படிக் குறிப்பது என்பது கேள்வி. ஒரு தீர்வை நிரலில் சேர்த்தும்விட்டார்கள்; சமூகத்தில் பலருக்கு அதில் உடன்பாடில்லை. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, வெளியீட்டுக்கு முன் அதைத் திரும்ப எடுத்தார்கள். எழுதி முடித்த நல்ல நிரலை எடுத்துவிடுவது யாருக்கும் வலிக்கும். ஆர்வமுள்ள அனைவரும் உடன்படும் முடிவையே தேடுவது, அது முடியாதபோது வழிகாட்டுக் குழு ஒன்று தீர்ப்பது என்று 2015இல் நம்பை தன் ஆட்சிமுறையை எழுத்தில் வடித்தது. பெரிய மாற்றங்களுக்கு முன்மொழிவு ஆவணம் எழுதி, காரணங்களையும் எதிர்ப்புகளையும் அதிலேயே பதிவுசெய்யும் வழக்கமும் இருக்கிறது. பத்தாண்டு கழித்து வருபவர், ஏன் இப்படிச் செய்தார்கள் என்று எவரையும் தேடிப்பிடித்துக் கேட்கத் தேவையில்லை.

நல்லவிதமாக முடிந்த ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். மதிப்புகளின் உயர்வு தாழ்வை நிறங்களால் காட்ட, மேட்பிளாட்லிப் பல ஆண்டுகள் ஜெட் என்னும் வானவில் நிறவரிசையையே இயல்பாக, அதாவது பயனர் வேறெதையும் கேட்காதபோது தானாக வருவதாக, கொண்டிருந்தது. பார்க்கப் பகட்டானது, ஆனால் பொய் சொல்லும். மஞ்சள் பட்டையில் கண் சட்டென்று ஓர் எல்லையைக் காணும். தரவில் அங்கே எல்லை எதுவும் இருக்காது. நிறக்குருடு உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் உயர்வு தாழ்வே விளங்காது. ஆனால் இயல்புநிலையை மாற்றினால் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களின் படங்கள் ஒரே நாளில் வேறு நிறத்தில் வரும். கண் நிறத்தை உணரும் விதத்தைக் கணக்கிட்டு விரிடிஸ் என்ற புதிய வரிசையை வடிவமைத்தார்கள். 2015இல் விரும்பியவர்கள் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார்கள். 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில்தான் அதை இயல்பாக்கினார்கள். பழைய தோற்றமே வேண்டுமென்பவர்கள் ஒரே வரியில் அதற்குத் திரும்பலாம் என்ற வழியையும் வைத்தார்கள். அறிவித்து, அவகாசம் கொடுத்து, பின்வாங்க வழியும் வைத்து மாற்றுவது இந்தச் சமூகங்களின் நாகரிகம்.

ஹன்டர் இல்லாத மேட்பிளாட்லிப்

எந்தத் திட்டத்தைப் பற்றியும் நான் முதலில் தேடுவது ஒரு கேள்விக்கான விடையைத்தான்: எத்தனை பேர் விலகினால் இது நின்றுபோகும்? விடை ஒன்று என்றால், எத்தனை லட்சம் பேர் பயன்படுத்தினாலும் அது ஆபத்தில் இருக்கிறது.

2012 ஜூலையில், அறிவியலுக்குப் பைத்தானைப் பயன்படுத்துவோர் கூடும் சைபை மாநாட்டில் ஹன்டர் மேட்பிளாட்லிப் பற்றிச் சிறப்புரை ஆற்றினார். சில வாரங்களில் மறைந்தார். அப்போதைக்குள் அவர் தலைமைப் பொறுப்பை மைக்கேல் டிரெட்பூமிடம் ஒப்படைத்திருந்தார். டிரெட்பூம் பணிபுரிந்ததும் ஸ்பேஸ் டெலஸ்கோப் நிறுவனத்தில்தான். அந்நிறுவனம் பல ஆண்டுகளாகவே மேட்பிளாட்லிப்பைத் தன் வானியல் பணிகளுக்கு எடுத்துக்கொண்டு, வளர்ச்சிக்கும் கைகொடுத்து வந்தது. பின்னர் தலைமை தாமஸ் காஸ்வெலிடம் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் முன்பே அந்த அடுத்த ஆள் உள்ளே இருந்து, பிறர் நிரலைப் படித்துப் பழகியிருந்தார் என்பதுதான் முக்கியம். அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவர முடியாது. ஒரு பெரிய நிரலின் மூலைமுடுக்குகள் பிடிபட ஆண்டுகள் ஆகும்.

அதே 2012இல் நம்ஃபோகஸ் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஹன்டரும் ஒருவர், ஆலிபன்டும் ஒருவர். இதன் தேவை எளிமையானது. மேட்பிளாட்லிப் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு ஆள் அல்ல, நிறுவனமும் அல்ல. அதன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க முடியாது. நன்கொடை கொடுக்க விரும்புபவருக்கு வரிவிலக்குச் சீட்டுத் தர முடியாது. ஒரு நிரலாளரை வேலைக்கு வைத்துக்கொள்ள ஒப்பந்தம் போட முடியாது. நம்ஃபோகஸ் இதையெல்லாம் திட்டங்களின் சார்பில் செய்கிறது. பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை அந்தந்தத் திட்டத்தின் குழுவே முடிவு செய்கிறது.

பணம்

நம்பை முதன்முதலாகப் பெரிய நிதியுதவி பெற்றது 2017இல். 1.0 பதிப்பு வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை உலகின் ஆய்வகங்கள் பலவற்றையும் தாங்கி நின்ற ஒரு நிரல்தொகுப்பு, பெரும்பாலும் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தில் நடந்தது. நம்பையின் வளர்ச்சிக்காக கோர்டன் அண்ட் பெட்டி மூர் அறக்கட்டளை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கு ஏறத்தாழ 6.45 லட்சம் டாலர் கொடுத்தது; அடுத்து ஸ்லோன் அறக்கட்டளையும் உதவியது. அந்தப் பணத்தில் முழுநேர நிரலாளர்களை அமர்த்தினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து நடந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் படம் வெளியாகி உலகமே கொண்டாடியது. சரியாக ஐந்து நாளில், அந்தப் படத்துக்கு உதவிய பைத்தான் மென்பொருள்களைப் பராமரிக்கக் கேட்டிருந்த நிதி விண்ணப்பத்தை அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிராகரித்தது. இந்த மென்பொருள்களால் போதிய தாக்கம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். நிதி வழங்கும் அமைப்புகளுக்குப் புதிய கண்டுபிடிப்பு வேண்டும். இருப்பதைக் காப்பாற்றப் பணம் கேட்டால், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பார்கள். இந்தப் பார்வை மெல்ல மாறுகிறது. அதே 2019இல் சான் சக்கர்பெர்க் இனிஷியேட்டிவ் என்ற கொடை அமைப்பு, அறிவியலுக்கு இன்றியமையாத திறமூல மென்பொருள்களின் பராமரிப்புக்கென்றே தனி நிதித் திட்டம் தொடங்கியது.

ஆனால் மானியம் என்பது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கானது. அது தீர்ந்ததும் பயிற்சி பெற்ற ஆள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். ஆகவே, பல்கலைக்கழகங்களும் தேசிய ஆய்வகங்களும் மென்பொருள் பராமரிப்பை நிரந்தரப் பணியிடமாக ஏற்பதே சரி என்பது என் துணிபு. நுண்ணோக்கியைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கும் ஆய்வகம், அந்த நுண்ணோக்கி தரும் தரவைப் படிக்கும் மென்பொருளுக்கு வைக்க மறுப்பதில் நியாயம் இல்லை.

நம் பக்கம்

இந்த உலகில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. முப்பரிமாணத் தரவுகளைக் காட்சிப்படுத்தும் மாயாவி என்ற மென்பொருளை, சென்னை ஐஐடியில் விண்வெளிப் பொறியியல் முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்த பிரபு ராமச்சந்திரன் 2000களின் தொடக்கத்தில் எழுதினார். பிறகு மும்பை ஐஐடியில் பேராசிரியரானார். மத்தியக் கல்வி அமைச்சின் நிதியில் அங்கே நடக்கும் ஃபாசி திட்டம், கல்லூரிகளில் திறமூல மென்பொருள்களைப் பரப்புகிறது. பாடநூலில் உள்ள மாதிரிக் கணக்குகளைப் பைத்தானிலோ, சைலேப் என்ற திறமூலக் கணக்கீட்டு மென்பொருளிலோ நிரலாக எழுதித் தரும் மாணவர்களுக்கு அத்திட்டம் மதிப்பூதியமும் வழங்கி வந்திருக்கிறது. இந்தியாவின் முதல் சைபை மாநாடு 2009 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கூடியது. பயன்படுத்துவோர் எண்ணிக்கையில் நாம் பெரிய கூட்டம். பராமரிப்பில் நம் பங்கு அந்த அளவுக்கு வளரவேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருக்கிறது.

தொடங்க விரும்புபவர் பெரிய நிரல் எழுதித்தான் நுழைய வேண்டும் என்பதில்லை. நீங்கள் கற்கும்போது கையேட்டில் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தீர்களோ அந்தப் பத்தியைத் திருத்தி அனுப்புங்கள். பல ஆண்டு அனுபவமுள்ளவருக்கு அந்த இடத்தில் தடை இருப்பதே தெரியாது. புதியவரின் கண்ணுக்குத்தான் தெரியும். பிறர் முறையிட்ட பிழை உங்கள் கணினியிலும் வருகிறதா என்று ஓட்டிப்பார்த்து எழுதுவது இன்னொரு வழி. புதியவர்களுக்கு ஏற்ற எளிய வேலைகள் என்று அடையாளமிட்ட முறையீடுகள் பெரும்பாலான திட்டங்களில் உண்டு. அனுப்பிய திருத்தத்துக்கு வாரக்கணக்கில் பதில் வராமல் போகலாம். படிக்க ஆள் குறைவு என்பதுதான் காரணம். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிரலே எழுதாத ஆய்வு மாணவரும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆய்வேட்டில், பயன்படுத்திய மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டு, அதற்கான கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேருங்கள். தாக்கம் இருக்கிறதா என்று நிதி கொடுப்பவர்கள் கேட்கும்போது பராமரிப்பாளர்கள் எடுத்துக்காட்ட முடிவது அந்த மேற்கோள்களின் எண்ணிக்கையைத்தான். மேட்பிளாட்லிப்புக்கு ஹன்டர் 2007இல் எழுதிய கட்டுரை இருக்கிறது. நம்பைக்கு 2020இல் நேச்சர் இதழில் வந்தது இருக்கிறது. மென்பொருளையெல்லாம் மேற்கோளில் சேர்ப்பார்களா என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டால், அந்த இரண்டில் ஒன்றை அவரிடம் எடுத்துக் காட்டுங்கள்.